மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: போகப் பத்து மணி நேரம், திரும்ப முப்பத்தைந்து மணி நேரமா?

திருமங்கலம் கணக்காசிரியர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். எங்கள் மகள் கலிபோர்னியாவில் சான் ஓசே நகரில் குடியிருக்கிறாள். அவளுக்குப் பேறுகாலம் நெருங்குவதால், வருகிற ஏப்ரல் மாதம் நானும் என் மனைவியும் முதன்முறையாக வெளிநாடு செல்கிறோம். செப்டம்பரில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. சென்னையில் திங்கட்கிழமை அதிகாலை 4.00 மணிக்குப் புறப்பட்டு, காலை 6.45க்குத் துபாயில் இறங்கி, அங்கிருந்து 9.00 மணிக்குக் கிளம்பி, அதே திங்கட்கிழமை பிற்பகல் 1.50க்குச் சான் பிரான்சிஸ்கோ சேருகிறோம். திரும்பும்போது, ஒரு திங்கட்கிழமை பிற்பகல் 3.50க்கு அங்கே ஏறினால் செவ்வாய் மாலை 6.30க்குத் துபாய், இரவு 9.30க்கு அடுத்த விமானம், புதன்கிழமை அதிகாலை 3.00 மணிக்குச் சென்னை. சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரங்களை அப்படியே கழித்தால் போவதற்கு 9 மணி 50 நிமிடமும் வருவதற்கு 35 மணி 10 நிமிடமும் ஆகின்றன. ஊருக்கு ஊர் கடிகாரம் மாறுவதால் வரும் குழப்பம் இது என்பது புரிகிறது. ஆனால் உண்மையில் எத்தனை மணி நேரம் பயணத்தில் இருப்போம் என்பதை உறுதியாகக் கணக்கிட முடியவில்லை.

தூரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று முயன்றேன். மதுரைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஏறத்தாழ 14,300 கிலோமீட்டர் என்று கணினி காட்டுகிறது. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்கிறார்கள். வகுத்தால் 16 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இந்த விடை மேலே சொன்ன இரண்டு நேரங்களோடும் ஒத்துப்போகவில்லை. அத்துடன், கணினி வரைந்து காட்டிய கோடு மதுரையிலிருந்து வடகிழக்காக நேபாளம், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா என்று வளைந்து செல்கிறது. எங்கள் விமானமோ நேர் எதிராக மேற்கே துபாய்க்குப் போகிறது. முகவர் எங்களைச் சுற்றுவழியில் அனுப்புகிறாரா?

பொழுதுபோக்காக இதைக் கேட்கவில்லை. என் மனைவி காலை 7.30க்கும் இரவு 8.00 மணிக்கும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே எத்தனை மணி நேரம் கடந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


பெருங்குடிக்காரர்:

வணக்கம் ஐயா. நம் மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடியில் இருக்கிறேன். விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் போட்டுத் தரும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். கடிகாரம், தூரம், வேகம் என்று மூன்று கணக்குகள் உங்கள் கேள்வியில் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்தால் எல்லாம் சரியாகவே இருப்பதைக் காண்பீர்கள்.

முதலில் கடிகாரம். மேற்கே போகும்போது கடிகாரம் எவ்வளவு நேரத்தை மறைக்கிறதோ, திரும்பி வரும்போது அவ்வளவையும் கூட்டிக் காட்டிவிடும். ஆகவே போக, வர இரண்டு நேரங்களையும் சேர்த்தால் நேர வேறுபாடு தானாக அடிபட்டுப் போகிறது. உங்கள் 9 மணி 50 நிமிடத்தையும் 35 மணி 10 நிமிடத்தையும் கூட்டுங்கள். சரியாக 45 மணி நேரம் வரும். அதில் பாதி இருபத்திரண்டரை. ஒரு வழிப் பயணம் சராசரியாக அவ்வளவுதான். எந்த ஊர் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே, போகவர எடுத்த ஒரு சீட்டை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஆசிரியரான உங்களுக்கு இது பிடிக்கும் என்று நம்புகிறேன்.

துல்லியமாக வேண்டுமென்றால் எல்லா நேரங்களையும் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. கலிபோர்னியாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள் என்பதால், நீங்கள் போகும் ஏப்ரலிலும் திரும்பும் செப்டம்பரிலும் அது நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலமாக இருந்தால் பதின்மூன்றரை என்று கொள்ள வேண்டும். அவர்களுடைய திங்கள் பிற்பகல் 1.50 என்பது நமக்குச் செவ்வாய் அதிகாலை 2.20. ஆக, போகும் பயணம் 22 மணி 20 நிமிடம். சென்னையிலிருந்து துபாய்க்கு 4 மணி 15 நிமிடம், துபாயில் காத்திருப்பு 2 மணி 15 நிமிடம், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 15 மணி 50 நிமிடம். இதே முறையில் திரும்பும் பயணம் 22 மணி 40 நிமிடம் வருகிறது: பறப்பு 15 மணி 40 நிமிடம், துபாயில் 3 மணி நேரம், பிறகு சென்னைக்கு 4 மணி நேரம். போவதற்கும் வருவதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு வெறும் இருபது நிமிடம்தான்.

இனி தூரம். 14,300 கிலோமீட்டர் என்பது சரியான எண். ஆனால் அது மதுரையிலிருந்து ஒரே மூச்சில் பறந்தால் ஆகக்கூடிய மிகக் குறைந்த தூரம். அப்படி ஒரு விமானம் இங்கிருந்து கிளம்ப வழியில்லை. மதுரை ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,285 மீட்டர். உள்நாட்டுக்கும் துபாய், சிங்கப்பூர் தூரத்துக்கும் போகிற நடுத்தர விமானங்களுக்கு அது போதும். பதினாறு மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமந்துகொண்டு முந்நூறு டன்னுக்கு மேல் எடையோடு கிளம்பும் பெரிய விமானத்துக்கு அது போதாது. சென்னையின் முதன்மை ஓடுபாதை 3.6 கிலோமீட்டருக்கும் அதிகம்.

நீங்கள் போகப்போகும் தூரத்தைத் துண்டு துண்டாகக் கூட்டுவோம். மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழி 418 கிலோமீட்டர், சென்னையிலிருந்து துபாய்க்கு 2,930, துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 13,040. மொத்தம் ஏறத்தாழ 16,400. நேர்க்கோட்டைவிட இரண்டாயிரம் கிலோமீட்டர் கூடுதல் என்பது உண்மை. ஆனால் கிழக்கே சிங்கப்பூர் வழியாகப் போனாலும், மதுரையிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு 3,015, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 13,590 என்று 16,600 வந்துவிடும். எனவே முகவர் உங்களை ஏமாற்றவில்லை. பார்க்க எதிர்த் திசை போலத் தோன்றினாலும் துபாய் வழி சுற்றுவழி அன்று.

அது எப்படி என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் பள்ளியிலிருந்து ஓர் உலக உருண்டையை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பூக்கட்டுகிற வாழைநாரில் ஓர் இழை எடுத்து, ஒரு முனையைத் துபாய் மேலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோ மேலும் வைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நார் அட்லாண்டிக் பக்கமும் போகாது, பசிபிக் பக்கமும் போகாது. ஈரான், ரஷ்யா என்று நேரே வடக்கே ஏறி, வட துருவத்துக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் அருகே வந்து, கனடா வழியாகக் கீழே இறங்கும். துபாய் கிழக்குத் தீர்க்கரேகை 55 பாகையிலும் சான் பிரான்சிஸ்கோ மேற்குத் தீர்க்கரேகை 122 பாகையிலும் இருக்கின்றன. கூட்டினால் 177 பாகைக்கு மேல். அதாவது, உருண்டையில் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று நேர் முதுகுப்புறம் அமைந்த இரண்டு கோடுகள் அவை. அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே குறுக்கு வழி துருவம்தான். தட்டையான சுவர்ப்படத்தில் துருவம் ஒரு புள்ளியாக இல்லாமல் மேல் விளிம்பு முழுவதுமாக நீட்டி இழுக்கப்பட்டிருப்பதால் நம் கண்ணுக்கு இந்த வழி தென்படுவதே இல்லை.

கணினி காட்டிய மதுரைக் கோடும் இதே கணக்குத்தான். ஒங்கோல் பக்கமாகப் போய், காத்மாண்டுக்கு அருகே இமயத்தைத் தாண்டி, கிழக்கு சைபீரியாவில் வடக்கு 69 பாகை வரை ஏறி, அலாஸ்கா வழியாக இறங்கும். பெரிய உருண்டையில் வரைந்த நேர்க்கோடு அது. வளைவாகத் தெரிவது படத்தின் குறையால் வருவது.

கடைசியாக வேகம். மணிக்கு 900 என்பது உச்சியில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். சீட்டில் போடும் நேரமோ, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவதிலிருந்து மறு ஊரில் போய் நிற்பது வரையில் உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், மெதுவாக ஏறுவதும், இறங்குமுன் வட்டமடிப்பதும் இதில் அடக்கம். எங்கள் குத்துமதிப்பு இதுதான்: தூரத்தை 850 ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 13,040 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள், 15 மணி 50 நிமிடம் வருகிறதா? மதுரை–சிங்கப்பூருக்குப் போட்டால் நான்கு மணி நேரம், 355 கிலோமீட்டர் உள்ள மதுரை–கொழும்புக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தூரம் குறையக் குறைய அந்த அரை மணி நேரம்தான் கணக்கை ஆள்கிறது.


அலங்காநல்லூர் செல்வம்:

பெருங்குடி ஐயாவின் விளக்கம் நன்றாக இருந்தது. எனக்கு ஒரு சந்தேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போகிற விமானத்தை நோக்கி அமெரிக்கா தானே நகர்ந்து வர வேண்டும். போகிற பயணம் சீக்கிரம் முடிய வேண்டும். ஏன் அப்படி நடப்பதில்லை? என் சித்தப்பா சிங்கப்பூர் வழியாகச் சான் பிரான்சிஸ்கோ போய்வந்தபோது, திரும்பி வருகையில்தான் இரண்டு மணி நேரம் அதிகமாக உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.


பெருங்குடிக்காரர்:

நல்ல கேள்வி தம்பி. பலருக்கும் உள்ள எண்ணம்தான் இது. பூமி சுழலும்போது அதன் மேலுள்ள காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. புறப்படும் முன் தரையில் நிற்கும் விமானமும் அதே வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஓடுகிற ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈ பின்சுவரில் போய் மோதாததைப் போல, மேலே எழும்பியதும் பூமி விமானத்தை விட்டுவிட்டு ஓடிவிடுவதில்லை.

உங்கள் சித்தப்பா சொன்னது உண்மை, அதற்குக் காரணம் மேற்காற்று. தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒடுங்கிய ஆறு போல ஒரு காற்று ஓடுகிறது. தாரைக்காற்று என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்கு இயல்பு. குளிர்காலத்தில் 300ஐத் தாண்டுவதும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் அந்த ஆற்றில் இறங்கிப் பசிபிக்கைக் கடந்து ஏறத்தாழ 15 மணி நேரத்தில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்துவிடும். திரும்பும்போது அதை எதிர்த்து வர வேண்டியிருப்பதால் 17 மணி நேரம் வரை ஆகிறது. துபாய் வழியில் இந்த வேறுபாடு பத்து நிமிடமாகச் சுருங்கியிருப்பதைக் கவனித்தீர்களா? அந்த விமானம் வடக்கே ஏறி வடக்கிலிருந்து இறங்குகிறது. ஆற்றின் போக்கிலும் போகாமல் எதிரேயும் போகாமல் குறுக்கே நீந்துவதைப் போன்றது. அதனால் போகும்போதும் வரும்போதும் காற்று ஏறக்குறைய ஒரே அளவுதான் தொல்லை தரும்.

காற்றைத் தவிர இன்னொன்றும் உண்டு. நார் காட்டும் வழியில் எல்லோரும் பறந்துவிட முடிவதில்லை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யாவின் வான்வெளி பல ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதால், ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, தூரம் ஓர் அடிகூடக் கூடவில்லை. பயண நேரம் மட்டும் ஏறக்குறைய பாதிப் பங்கு கூடிவிட்டது. நம் ஆட்கள் துருவத்தைக் கடந்த கதையும் உண்டு. 2021 ஜனவரியில் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே அடங்கிய குழு, சான் பிரான்சிஸ்கோவில் ஏர் இந்தியா விமானத்தை எடுத்து வட துருவத்துக்கு மேலாகப் பறந்து பெங்களூரில் இறக்கியது. எங்கள் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் அருமை நன்றாகப் புரியும். துருவப் பாதையில் வெளிக்குளிர் கடுமையாக இருக்கும். மைனஸ் 40, 47 பாகையில் எரிபொருளே உறையத் தொடங்கும் என்பதால் தொட்டியின் வெப்பநிலையை வழிநெடுகக் கண்காணித்துக்கொண்டே போக வேண்டும். இடையில் கோளாறு என்றால் இறங்குவதற்கான நிலையங்களும் அங்கே மிகக் குறைவு.


உசிலம்பட்டி மகள்:

வணக்கம் அப்பா. நான் உசிலம்பட்டிக்காரி, இப்போது உங்கள் மகள் இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் பிரீமாண்ட்டில் இருக்கிறேன். பெருங்குடி ஐயா சொன்ன 22 மணி 20 நிமிடம் சென்னை ஓடுபாதையிலிருந்து தொடங்குகிறது. உங்களுக்கு அது திருமங்கலம் வாசற்படியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடத்தில்தான் நான் ஒருமுறை பட்டேன் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழைக்காலத்தில், மதுரையிலிருந்து சென்னைக்குத் தனிச் சீட்டும் சென்னையிலிருந்து இங்கே வரத் தனிச் சீட்டுமாக எடுத்திருந்தேன். நடுவே ஐந்து மணி நேரம் இருந்தது. ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு அது தாராளம் என்று நினைத்துவிட்டேன். சென்னையில் மழை கொட்டியதால் மதுரையில் எங்கள் விமானத்தைக் கிளப்பவே இல்லை. இரண்டு வயதுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தகவல் பலகையில் புறப்படும் நேரம் 7.40, 8.30, 9.50 என்று மாறிக்கொண்டே போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சென்னை போய்ப் பெட்டி வருவதற்குள் பன்னாட்டு முனையத்தில் பதிவு மூடிவிட்டார்கள். இரண்டும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் இடம் கொடுத்திருப்பார்கள். தனித்தனிச் சீட்டு என்பதால் அது என் பொறுப்பாகிவிட்டது. புதுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தைவிட, அந்த இரவில் குழந்தையோடு நாற்காலியில் கழித்த நேரம்தான் இன்னும் மனத்தில் நிற்கிறது.

ஆகவே, அதிகாலை 4 மணி விமானத்துக்கு முந்தைய இரவுக் கடைசி விமானத்தை நம்பிச் சென்னை போகாதீர்கள். ஞாயிறு பிற்பகல் விமானத்தில் போய்விடுங்கள். இல்லையென்றால் காலையில் மதுரையில் கிளம்பும் வைகை விரைவு ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளலாம். மின்சார ரயிலில் வந்தால் திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பெட்டிகள் அதிகம் என்றால் தாம்பரத்திலிருந்தே வாடகைக் கார் பிடித்துவிடுங்கள். மதுரையிலிருந்து விமானத்தில் போவதானால், அந்தச் சீட்டு ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா, பெட்டி மதுரையிலிருந்து நேரே சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் பதிவாகுமா என்பதை முகவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

இப்போது வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். ஞாயிறு பகல் 1.00 மணிக்குத் திருமங்கலத்தில் கிளம்பி, 3.30 மணி விமானத்தில் சென்னை போய், அங்கே அதிகாலை வரை காத்திருந்து, பிறகு துபாய் வழியாகத் திங்கள் பிற்பகல் 1.50க்கு இங்கே இறங்குகிறீர்கள். குடியேற்ற வரிசைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு, சான் ஓசேவுக்குக் காரில் ஒரு மணி நேரமும் கொஞ்சமும் சேர்த்தால், வீட்டுக்குள் நுழையும்போது மாலை 4.30. இந்தியாவில் அப்போது செவ்வாய் அதிகாலை 5.00. மொத்தம் நாற்பது மணி நேரம்! அதில் நீங்கள் விமானத்துக்குள் இருப்பது இருபத்தொன்றரை மணி நேரம்கூட இல்லை. மற்றதெல்லாம் காத்திருப்பும் சாலையும்தான். அம்மாவின் சாப்பாடு, தூக்கம், ஊசி எல்லாவற்றையும் இந்த நாற்பது மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள்.


தெப்பக்குளம் செவிலியர்:

சர்க்கரை நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆசிரியர் ஐயாவின் கடைசிப் பத்திக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அம்மாவின் கையில் ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிவிடுங்கள். பயணம் முடியும்வரை அதில் இந்திய நேரமே ஓடட்டும். கைப்பேசி ஒவ்வோர் ஊரிலும் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்பதால் அதைப் பார்த்து ஊசி போடக் கூடாது. இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிர் எந்த அளவுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. பெட்டி வந்து சேராமல் போனாலும் ஆபத்து. மருந்துச் சீட்டும், ஊசி எடுத்துச் செல்ல வேண்டியதன் காரணத்தை எழுதிய மருத்துவர் கடிதமும் கையோடு இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் சிரமம் இராது. விமானத்தில் சாப்பாடு தள்ளிப் போகக்கூடும் என்பதால், தட்டு கண்ணெதிரே வந்த பிறகுதான் ஊசி. பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சீக்கிரம் கொண்டுவந்து தருவார்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு மூன்று பையில் இருக்கட்டும்.

ஊசியின் அளவை மாற்றுவதைப் பற்றி இங்கே யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். மணி வாரியாக எழுதிய ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடமே போங்கள். நாள்கள் நீள்வதற்கும் குறைவதற்கும் ஏற்றபடி அவர்தான் எழுதித் தர வேண்டும்.


திருமங்கலம் கணக்காசிரியர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு வாரமாக இதே வேலையாக இருந்தேன்.

நான் முன்பு பணியாற்றிய பள்ளியிலிருந்து முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையை இரவல் வாங்கி வந்தேன். சுற்றளவு தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். உலகின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர். என் மனைவியே நாரைப் பிடித்தார். மதுரைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே நார் முப்பத்து நான்கு சென்டிமீட்டரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பெருக்கி வகுத்தால் 14,400 கிலோமீட்டர். வாழைநாரை வைத்து அளந்ததற்குக் கணினியோடு நூறு கிலோமீட்டர்தான் வேறுபாடு. பிறகு துபாயிலிருந்து இழுத்துப் பிடித்தோம். துருவத்தில் உருண்டையைத் தாங்கும் அந்த ஆணியில் நார் உரசிக்கொண்டே போனது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருநாள்கூட நார் பிடித்துக் காட்டியதில்லை.

முகவரிடம் கேட்டேன். மதுரை–சென்னைச் சீட்டு தனியாகத்தான் இருந்தது, அதுவும் இரவுக் கடைசி விமானத்தில். உசிலம்பட்டி மகள் சொன்னபடியே அதை ரத்து செய்துவிட்டு, ஞாயிறு பிற்பகல் விமானத்தில் ஒரே முன்பதிவு எண்ணுக்குள் மாற்றி வாங்கிவிட்டேன். பெட்டி மதுரையிலேயே சான் பிரான்சிஸ்கோவுக்குப் பதிவாகுமாம். நீ படம் பிடித்ததுபோல் எழுதியிருக்காவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன், அம்மா.

ஊசி அட்டவணையை இந்திய நேரத்தில் எழுதினேன். ஞாயிறு இரவு 8.00 மணி ஊசி சென்னை விமான நிலையத்தில். திங்கள் காலை 7.30 ஊசி, துபாயில் இறங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது. திங்கள் இரவு 8.00 மணி ஊசி, துபாயிலிருந்து கிளம்பி ஒன்பதரை மணி நேரம் ஆன பிறகு. செவ்வாய் காலை 7.30 ஊசி, மகள் வீட்டில். அங்கே அப்போது திங்கள் மாலை 7.00 மணி. எழுதி முடித்த பிறகுதான் ஒன்று புலப்பட்டது. பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு என்பதால் இங்குள்ள காலை ஊசி அங்கே மாலை ஊசியாகவும், இங்குள்ள இரவு ஊசி அங்கே காலை 7.30 ஊசியாகவும் இடம் மாறிக்கொள்கின்றன. இடைவெளி எங்கும் கெடவில்லை. ஆனால் காலை அளவும் இரவு அளவும் வேறு வேறு என்பதால், எந்த வேளையில் எதைத் தொடங்குவது என்பதே கேள்வி. நேற்று மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே தம் கையால் அளவை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். திங்கள் இரவு 8.00 மணி என்ற வரியில், "எந்த ஊரில்?" என்று கேட்டார். விமானம் நார் காட்டிய வழியிலேயே பறந்தால் வட துருவத்தைத் தாண்டிக் கனடாப் பக்கம் இறங்கத் தொடங்கியிருக்கும் என்றேன். அந்த வரிக்கு எதிரே, உணவு தட்டில் வந்த பிறகு மட்டும் என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறார்.